கோடு பழகும் ஆண்டு

மயில் படம் வரைந்து பள்ளியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளை. கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இருந்த சங்கிலியை அடகு வைத்து, கூட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்து, கட்டணமும் கட்டியாயிற்று. மூன்று மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தவனிடம், "என்னப்பா சொல்லிக் கொடுக்கிறாங்க?" என்று தகப்பனார் ஆவலோடு கேட்கிறார். "நாற்காலி வரையிறோம்பா. கம்பி வளைக்கிறோம். பேப்பர் மடிக்கிறோம்" என்கிறான் பையன். தகப்பனார் தாயாரைப் பார்க்கிறார். தாயார் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறார்.

நாற்காலி வரைவதற்கா இத்தனை வெள்ளி? நியாயமான கேள்விதான். கல்லூரிக்காரர்கள் யாரும் நம் வீட்டு வாசலுக்கு வந்து இதற்கு விளக்கம் சொல்லப் போவதில்லை. பிள்ளைக்கே காரணம் தெரியாமலும் இருக்கலாம். வீட்டார் மனம் தளர்வதும் பிள்ளையின் மனம் சலிப்பதும் இந்த முதலாண்டில்தான் சுலபமாக ஒன்று சேர்ந்துகொள்ளும். "போதும், வந்துவிடு, தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள்" என்ற பேச்சு அப்போதுதான் எழும். ஆகவே, அந்த ஓராண்டில் என்னதான் நடக்கிறது என்பதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நம் பிள்ளைகளில் கைத்திறன் உள்ளவர்கள் பெரும்பாலும் பார்த்து வரைந்தே பழகியவர்கள். நாட்காட்டி முருகனையும் சினிமா நடிகரின் முகத்தையும் கட்டம் போட்டுப் பெரிதாக்கி அச்சு அசலாக வரைந்துவிடுவார்கள். கோவில் திருவிழாவுக்கு அலங்கார வளைவு எழுதுவதும் அவர்கள்தாம். அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். பொறுமையும் கைநிதானமும் இல்லாமல் அது வராது. ஆனால் நாட்காட்டிப் படத்தில் கடினமான வேலையை வேறொரு ஓவியர் முன்பே செய்து முடித்துவிட்டார். கனமும் ஆழமும் உள்ள ஓர் உடலைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவந்தவர் அவர். நம் பிள்ளை செய்ததோ, தட்டையானதைப் பார்த்துத் தட்டையாக வரைந்தது. எதிரே ஓர் உயிருள்ள ஆளை உட்கார வைத்து வரையச் சொன்னால் கை தடுமாறும். பரிசு வாங்கிய பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம் அவமானமாகவும் தோன்றும். முதலாண்டின் முதல் சில வாரங்கள் இப்படித்தான் போகும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பாதிக் கவலை குறையும்.

சரி, அந்த நாற்காலிக்கு வருவோம்.

ஆசிரியர் பழைய நாற்காலிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாறுமாறாகக் கவிழ்த்து வைக்கிறார். பிறகு, "நாற்காலியை வரையாதீர்கள். கால்களுக்கும் சட்டங்களுக்கும் இடையில் தெரியும் சந்துகளை மட்டும் வரையுங்கள்" என்கிறார். வேடிக்கையாக இருக்கிறதா? இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாற்காலிக்கு ஒரே உயரமுள்ள நான்கு கால்கள் என்று நம் மூளைக்குத் தெரியும். கண் எதைக் கண்டாலும், கை மூளைக்குத் தெரிந்ததையே வரைந்துவிடும். அந்தச் சந்துக்கோ பெயர் கிடையாது. இப்படித்தான் இருக்கும் என்று முன்பே தெரிந்த வடிவமும் கிடையாது. வேறு வழியின்றிக் கண் உண்மையாகவே பார்க்கத் தொடங்குகிறது. சந்துகளைச் சரியாக வரைந்து முடித்தால், நாற்காலி தானாகவே தாளில் வந்து நிற்கும்.

இன்னொரு பயிற்சியில் தாளைப் பார்க்கவே கூடாது. கண்ணை ஒரு செருப்பின் விளிம்பில் வைத்து, எறும்பு ஊர்வதுபோல் மெல்ல நகர்த்த வேண்டும். கை அதே வேகத்தில் தாளில் ஊர வேண்டும். வரும் படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். படம் இங்கே முக்கியமன்று; கண்ணும் கையும் ஒன்றாக நடக்கப் பழகுவதே முக்கியம். இதற்கு நேர் எதிரானது விரைவுப் பயிற்சி. எதிரே நிற்பவர் அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிலை மாறுவார். அதற்குள் உடம்பின் சாய்வையும் பாரத்தையும் பிடித்துவிட வேண்டும். கண், மூக்கு வரைய நேரமே இராது. நியூயார்க்கில் வகுப்பு நடத்திய கிமோன் நிக்கொலாய்டிஸ் என்ற ஆசிரியர் இவ்விரு பயிற்சிகளையும் நாள்தோறும் செய்யும்படி பாடத்திட்டம் வகுத்திருந்தார். அது அவர் மறைவுக்குப் பின் 1941இல் நூலாக வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் வகுப்புகளில் அந்த முறை வழங்கி வருகிறது.

இவற்றையெல்லாம் நின்றுகொண்டு, பெரிய தாளில், கரித்துண்டால் செய்யச் சொல்வார்கள். பென்சிலைப் பிடித்து மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பழகிய பிள்ளை, தோளிலிருந்து கையை வீசிக் கோடு இழுக்கக் கற்க வேண்டும். வாசல் நிறையக் கோலம் போடும் நம் தாய்மார்களுக்கு இது புதிதே அன்று. குனிந்து, கை முழுவதையும் வீசி, விரல் சந்தில் மாவை ஒழுகவிட்டு, புள்ளிக்குப் புள்ளி தடையில்லாமல் இழுக்கிறார்கள். அதே கோடுதான் இது. மகள் கல்லூரியில் இதற்குத் திணறினால், அம்மா பக்கத்தில் நிறுத்திக் காட்டலாம்.

அடுத்தது கறுப்பு வெள்ளை. ஒன்பது கட்டம் போட்டு, ஒரு முனையில் வெள்ளை, மறுமுனையில் கறுப்பு. இடையில் ஏழு சாம்பல் நிறங்கள். ஒவ்வொரு படியும் சம அளவில் கறுத்துக்கொண்டே போக வேண்டும். கேட்கச் சுலபம். ஒரு நாள் முழுதும் கலந்தாலும் நடுவில் இரண்டு கட்டம் ஒன்றுபோலவே நிற்கும். கறுப்பில் வெள்ளையைக் கொட்டினால் குப்பி குப்பியாய் வெள்ளை தீரும். வெள்ளையில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாய்ச் சேர்ப்பதே சிக்கனம். இந்தப் படிகளைக் கண் பிரித்தறியப் பழகிய பிறகுதான் ஒரு முகத்தில் கன்னம் எங்கே திரும்புகிறது, நிழல் எங்கே ஆழமாகிறது என்று காட்ட முடியும்.

வண்ணத்துக்கு வரும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஒரே மஞ்சள் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை அரக்கு நிறத் தாளிலும் மற்றதை வெள்ளைத் தாளிலும் ஒட்டச் சொல்வார்கள். ஒட்டியபின் பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள் என்று சத்தியம் செய்தாலும் கண் நம்பாது. அரக்கின்மேல் அது விளக்குப்போல் எரியும். வெள்ளையின்மேல் சோர்ந்து நிற்கும். புடவைக் கடையில் கரையை மட்டும் தனியே பார்க்காமல், உடல் நிறத்தோடு சேர்த்து விரித்துப் பார்க்கிறார்களே, நம் பெண்கள் இந்தப் பாடத்தை அங்கே எப்போதோ படித்துவிட்டார்கள். யோசப் ஆல்பர்ஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் இப்படிப்பட்ட சோதனைகளையே திரட்டி 1963இல் வண்ணம் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார்.

இந்த ஆல்பர்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாண்டில் எல்லாத் துறைக்கும் பொதுவான அடிப்படையைக் கற்பிப்பது என்ற வழக்கத்துக்குப் பெரிய வித்து, அவர் படித்துப் பின்னர் பாடமும் நடத்திய பள்ளியில்தான் விழுந்தது. 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி அது. முதல் உலகப் போரில் நாடு தோற்றுக் கிடந்த காலம். ஓவியன் மேலானவன், தச்சனும் குயவனும் கீழானவர்கள் என்ற பாகுபாட்டை உடைக்க வேண்டும் என்பது குரோப்பியஸின் எண்ணம். சேரும் மாணவர் யாராயினும், தறிக்குப் போகிறவரும் உலோகப் பட்டறைக்குப் போகிறவரும் சுவரோவியத்துக்குப் போகிறவரும், முதலில் ஓர் ஆரம்ப வகுப்பில் உட்கார வேண்டும். தொடக்கத்தில் அதன் காலம் ஆறு மாதம். யோஹான்னஸ் இட்டன் அதை நடத்தினார். 1923இல் அவர் விலகியபின் மொஹோலி நாகியும் ஆல்பர்ஸும் பொறுப்பேற்றார்கள். பள்ளி 1925இல் தெசாவ் நகருக்கு மாறியது. நாஜிகளின் நெருக்கடியால் 1933இல் மூடப்பட்டது. மொத்தம் பதினான்கே ஆண்டுகள். ஆசிரியர்களும் மாணவர்களும் பல நாடுகளுக்குச் சிதறிப்போக, அந்தப் பாடமுறையும் அவர்களோடு பரவியது.

தெசாவில் ஆல்பர்ஸ் நடத்திய ஒரு வகுப்பைப் பற்றி அவருடைய மாணவர் ஒருவர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு வகுப்புக்குள் வந்தார். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். நாம் பணக்காரர்கள் அல்லர், பொருளையும் நேரத்தையும் விரயம் செய்ய நமக்கு வழியில்லை என்று சொல்லி, இந்தத் தாளைக் கொண்டு இப்போது இருப்பதைவிட மேலான ஒன்றைச் செய்யுங்கள் என்றார். முடிந்தால் கத்தரியும் பசையும் இல்லாமல் செய்யுங்கள் என்றும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது தரையெங்கும் கோட்டைகள், கப்பல்கள், விமானங்கள், முகமூடிகள், விலங்குகள். மாணவர்களுக்கு ஒரே பெருமை. அவரோ, இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று சொல்லிவிட்டு, ஓர் இளைஞர் செய்து வைத்திருந்ததைக் காட்டினார். அவர் செய்தது இவ்வளவுதான்: தாளை நீளவாக்கில் மடித்து, தட்டிபோல் நிறுத்தி வைத்திருந்தார். படுத்துக் கிடக்கும் தாளுக்கு வலு இல்லை, ஒரு பக்கம்தான் தெரியும். ஒரே ஒரு மடிப்பில் அது எழுந்து நிற்கிறது, இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகின்றன. தாளின் குணம் என்ன என்பதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான் என்பது ஆல்பர்ஸின் தீர்ப்பு.

நம் வீட்டுப் பையன் "பேப்பர் மடிக்கிறோம்" என்று சொன்னானே, அந்த மடிப்பு இங்கிருந்து வந்தது. நம்மிலும் இதை அறிந்தவர்கள் உண்டு. கல்யாணப் பந்தலுக்கு ஒரு பச்சைக் குருத்தோலையை எடுத்து, ஆணியும் பசையும் இல்லாமல், கீறி மடித்துக் குருவி தொங்கவிடும் பெரியவர் ஓலையின் குணத்தைக் கற்றவர். அவருக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கம்பி வளைப்பதும் இவ்வாறே. தாளில் இழுத்த கோட்டை இப்போது காற்றில் இழுக்கிறார்கள். முன்னால் பார்த்தால் கோழி, பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றுமில்லை என்றால் மறுபடியும் செய்யச் சொல்வார்கள். களிமண் இன்னும் கண்டிப்பானது. மாவு பிசைவதுபோல் அழுத்திப் பிசைய வேண்டும். கனமாக விட்டு, அரைகுறையாகக் காயவைத்துச் சூளையில் வைத்தால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெடித்துவிடும்; பக்கத்தில் இருக்கும் நண்பனின் பாண்டமும் சேர்ந்து போகும்.

லினோ பலகையில் உளியால் செதுக்கி அச்செடுக்கும் பாடமும் பல இடங்களில் உண்டு. எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் அச்சில் நேராக விழும். உளி வழுக்கும் திசையில் மறு கையை வைக்கக் கூடாது. கூர் மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும். இதைப் படிக்கும்போது பால்மரம் சீவியவர்களுக்கு ஒரு சிரிப்பு வரும். சுமார் முப்பது பாகைச் சரிவில், இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு. பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழம் குறைந்தால் பால் சரியாக வடியாது. கொஞ்சம் கூடினால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடம் முடிச்சு விழுந்துபோகும். இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஆழத்தைக் கையாலேயே உணர்ந்தவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். கருவிக்கும் பொருளுக்கும் உள்ள அந்த உறவைத்தான் முதலாண்டு மாணவன் இப்போது முதன்முதலாகத் தொடுகிறான்.

"என் மகள் படம் வரையத்தானே போனாள்? களிமண்ணும் கம்பியும் எதற்கு?" என்று கேட்கலாம். பதினெட்டு வயதில் தன் கை எதற்கு ஏற்றது என்பது யாருக்குத் தெரியும்? முன்பு பார்த்ததைத்தான் பிள்ளை விரும்ப முடியும். அச்சுக் கலையையும் நெசவையும் மண்பாண்டத்தையும் பார்த்தே இராத பிள்ளை எப்படி அதைக் கேட்கும்? ஆனி ஆல்பர்ஸ், முன்சொன்ன யோசப் ஆல்பர்ஸின் துணைவியார், 1922இல் பௌஹவுஸில் சேர்ந்தவர். தறி அவர் ஆசைப்பட்ட துறையன்று. பெண்களை நெசவுப் பட்டறைக்கே தள்ளிவிடும் வழக்கம் அந்தப் பள்ளியில் இருந்தது. சமத்துவம் பேசிய இடத்திலும் இப்படி ஓர் ஓரவஞ்சனை! ஆனால் நூலைக் கையில் எடுத்தவர் அதிலேயே ஒரு புது வழியைக் கண்டார். 1949இல் நியூயார்க் நவீன கலைக்கூடம் அவருடைய நெசவுகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. ஒரு நெசவுக் கலைஞருக்கு அங்கே அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

பல கைத்தொழில் தெரிந்திருப்பது வயிற்றுப்பாட்டுக்கும் உதவும். சென்னை அரசினர் கலைக் கல்லூரியின் தலைவராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டி 1966இல் கடலோரத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார். ஓவியம் விற்று வாழ முடியாத நாட்களில் அவர்கள் பாடிக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் அரிசி வாங்கி, மிச்ச நேரத்தில் ஓவியம் தீட்டினார்கள். அந்தச் சென்னைக் கல்லூரியில் படித்த ஒருவர் நமக்கும் உறவுக்காரர்தான்: அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த மலேசிய ஓவியர் சையத் தாஜுதீன்.

இன்று கணினியில் வரையும் காலம் ஆயிற்றே, கரித்துண்டு எதற்கு என்று பிள்ளைகளே கேட்பதுண்டு. கணினியில் பிழையான கோட்டை ஒரு விசையில் அழித்துவிடலாம்; அந்தக் கோடு ஏன் பிழை என்பதைப் பார்க்கும் கண்ணை அது கொடுப்பதில்லை. கார்ட்டூன் படத் துறைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கும் அந்த அரை நிமிட விரைவுப் பயிற்சி அவசியம்.

இவ்வளவு சொன்னேன். உண்மையில் நம் பிள்ளைகளுக்குக் கரியோ களிமண்ணோ பெரிய கஷ்டமன்று என்பது என் கருத்து. கஷ்டம் சுவரில் இருக்கிறது. வாரக் கடைசியில் எல்லாருடைய வேலையையும் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்து, ஒவ்வொருவரும் தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். பெரியவர்கள் பேசும்போது வாய் திறக்காதே என்று வளர்த்த பிள்ளை, ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுந்து நின்று, "இந்த இடத்தில் ஏன் இருட்டாக்கினேன்" என்று விளக்க வேண்டும். மௌனமாக நிற்பவருக்குச் சிந்தனை இல்லை என்று ஆசிரியர் நினைத்துவிடக் கூடும். கையில் திறமையிருந்தும் மதிப்பெண் குறைவது இங்கேதான். இதற்கு வீட்டிலேயே ஒரு மருந்து உண்டு. பிள்ளை வரைந்ததைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று நகர்ந்துவிடாதீர்கள். "ஏம்மா இதை இவ்வளவு பெரிசா போட்டே? இந்தப் பக்கம் ஏன் வெறுமையா விட்டே?" என்று கேளுங்கள். தமிழில் காரணம் சொல்லப் பழகிய நாக்கு, மற்ற மொழியிலும் மெல்லச் சொல்லிவிடும்.

செலவையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கட்டணம் ஒருபுறம், தாள், வண்ணம், தூரிகை, மண் என்று வாரந்தோறும் பிள்ளை கை நீட்டும். முதலாண்டுக்கு விலை உயர்ந்த தூரிகைகள் வேண்டியதில்லை. செய்தித்தாள் அச்சடிக்கும் மலிவுத் தாளே கரிக்குப் போதும். மூத்த மாணவர்களிடம் பழைய சட்டமும் பலகையும் கேட்டு வாங்கலாம்.

சேர்க்கும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியவை சில உண்டு. அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமை என்ற எம்.கியூ.ஏ.யின் பதிவேட்டில் இருக்கிறதா? அடிப்படை ஆண்டு தனிச் சான்றிதழா, அல்லது டிப்ளோமாவின் ஒரு பகுதியா? தனி என்றால் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் அந்த ஆண்டுக்கும் கிடைக்குமா? கடன் என்பதால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 1938இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும், 1984இல் தொடங்கிய லாசால் கல்லூரியும் தெரிந்திருக்கும். கோலாலம்பூர் வட்டாரத்தில் 1967 முதல் மலேசியக் கலைக் கழகம் இருக்கிறது. எங்கே ஆனாலும், ஒருநாள் நேரில் போய் முதலாண்டு மாணவர்களின் சுவரைப் பாருங்கள். எல்லாப் படமும் ஒரே மாதிரி அழகாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கோணலும் திருத்தமும் தேடலும் தெரிந்தால் அங்கே உண்மையாகவே பாடம் நடக்கிறது.

சேர்வதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கிறதா? பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது. வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை நாளுக்கொரு முறை தன் இடக்கையை வரையட்டும். ஒவ்வொரு நாளும் வேறு நிலையில். சமையலறையில் தொங்கும் கரண்டிகளின் இடைவெளியை வரையட்டும். அம்மா துணி மடிப்பதையும் அப்பா சைக்கிள் துடைப்பதையும் அரை நிமிடத்தில் பிடிக்கட்டும். தாளின் மூலையில் தேதி போடச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் ஆசிரியர்கள் பளபளப்பான நான்கு படங்களை மட்டும் பார்ப்பதில்லை. ஜனவரியில் வரைந்த கைக்கும் மே மாதத்தில் வரைந்த கைக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தத் தேதியைத்தான் தேடுவார்கள்.